ரிவைண்ட் பண்ணிக் கேளுங்க!

வாசகர் கேள்வி, ரெக்கோர்டிங் அக்கா பதில்

மேஜிக், டீவி கொமெடி, பழைய ரொக் பாட்டு, கெசட், வீடியோ... எதைப் பற்றியும் கேட்கலாம் என்று போன இதழில் ஒரு மூலையில் போட்டிருந்தார்கள். வந்த கடிதங்களைப் போட்டு வைக்க ஒரு பிஸ்கட் டின் தேவைப்பட்டது. உங்களுக்கு என்ன தகுதி என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. 1983இல் அப்பா பண்டாரவளையில் ஒரு ரெக்கோர்டிங் கடை போட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் யூனிபோர்மோடு வந்து, கெசட் போட்டு ஓட்டுகிற டெக்குகளுக்கு முன்னால் உட்காருவேன். ஒரு பக்கம் கெசட்டில் பாட்டு அடித்துக் கொடுப்பது, மறுபக்கம் வீடியோ வாடகை. பத்தொன்பது வருடம் பார்த்த வேலை. அதில் பாதிக்கு மேல் களவுக் கொப்பி என்பதையும் இப்போதே ஒப்புக்கொள்கிறேன். அதை ஒரு கேள்வியாக எழுதி யாரும் முத்திரைக் காசை வீணாக்க வேண்டாம்.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் ஆசிரியர்: டீவியிலும் போனிலும் வருகிற மேஜிக் எல்லாம் கெமராத் தந்திரம்தானே? என் மாணவர்கள் எதையுமே நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

பிள்ளைகளைக் குறை சொல்லாதீங்க சேர். கெமராத் தந்திரத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவரே ஒரு மேடை மந்திரவாதிதான். ஜோர்ஜ் மெலியஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1888இல் பாரிசில் ஒரு மேஜிக் அரங்கை விலைக்கு வாங்கி நடத்திக்கொண்டிருந்தார். 1895 டிசம்பர் 28ஆம் திகதி லூமியர் சகோதரர்கள் சலனப்படம் காட்டியபோது சபையில் இவரும் இருந்தார். மறு வருடமே சொந்தமாக ஒரு துண்டுப் படம் எடுத்தார். நாற்காலியில் ஒரு பெண், அவள் மேல் துணி. துணியை எடுத்தால் ஆள் இல்லை. மேடையில் இதைச் செய்ய ஒரு கள்ளக் கதவும் மாதக் கணக்கில் ஒத்திகையும் வேண்டும். மெலியஸ் கெமராவை நிறுத்தினார், அந்த அம்மாவை எழுந்து போகச் சொன்னார், மறுபடி ஓட விட்டார். வேலை முடிந்தது.

அன்றைக்குப் போன நம்பிக்கையைத் திரும்ப வாங்கத்தான் டீவி மந்திரவாதிகள் படாத பாடு படுகிறார்கள். 1975 டிசம்பர் 26 அன்று டக் ஹென்னிங், அமெரிக்க டீவியில் தன் நிகழ்ச்சியைப் பதிவு பண்ணாமல் நேரடியாகவே நடத்தினார். தப்பிக்கிற வித்தைக்குப் பேர் போன ஹூடினியின் தண்ணீர்ப் பெட்டிக்குள் தலைகீழாக இறங்கியதும் அதில்தான். 1983இல் டேவிட் கொப்பர்ஃபீல்ட் நியூயோர்க்கின் சுதந்திர தேவி சிலையை மறைத்தபோது, எதிரே ஒரு கூட்டத்தைச் சாட்சிக்கு உட்கார வைத்திருந்தார்.

எங்கள் கடையில் ஒரு விசயம் கவனித்திருக்கிறேன். சினிமாப் படத்தை ஒரு தரம் எடுப்பவர்கள், மேஜிக் கெசட்டை மட்டும் இரண்டு தரம் எடுப்பார்கள். முதல் நாள் பார்க்க, மறுநாள் கள்ளனைப் பிடிக்க. பிடிக்க விடாது டெக். படத்தை நிறுத்தினால் திரை நடுங்கும். குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு விழும். அந்தக் கோடு எப்படியோ சரியாக மந்திரவாதியின் கையை மறைத்துக்கொண்டுதான் நிற்கும்! கொஞ்ச நேரம் அப்படியே விட்டால், நாடா தேய்ந்துவிடும் என்று டெக் தானாகவே நின்றுவிடும். "டெக்கும் அவன் ஆளுதான்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

உங்கள் மாணவர்களிடம் இதைச் சொல்லுங்க: போன் வீடியோவில் கையைப் பார்க்க வேண்டாம், படத்தின் ஓரத்தைப் பார்க்கட்டும். மேசை விளிம்பு திரைக்கு வெளியே போயிருந்தால் மடி தெரியாது. முக்கியமான நொடியில் சபையின் முகத்தைக் காட்டினால் அங்கே வெட்டு இருக்கலாம். இரண்டும் இல்லாமல், கெமரா அசையாமல் நின்றும் ஏமாந்தோம் என்றால், அவன் நல்ல தொழில்காரன்.

பசறையிலிருந்து ஒரு வாசகர்: சர்க்கார் என்ற இந்திய மந்திரவாதி லண்டன் டீவியில் ஒரு பெண்ணை நிஜமாகவே அறுத்துவிட்டார் என்று தாத்தா சொல்வார். உண்மையா?

அறுத்தது உண்மை, பெண் உயிரோடு இருந்ததும் உண்மை. 1956 ஏப்ரல் 9 இரவு, பீபீசியின் 'பனோரமா' நிகழ்ச்சி. பி. சி. சர்க்கார் மேசையில் படுக்க வைத்தது திப்தி டே என்ற பதினேழு வயதுப் பெண்ணை. மர ஆலையில் சுத்துமே, அந்த மாதிரி வட்ட வாள். மற்றவர்களைப் போல ஆளைப் பெட்டிக்குள் வைத்து அறுக்கவில்லை. உடம்பு வெளியே தெரியவே அறுத்தார். முடிந்ததும் அவளை எழுப்பிப் பார்த்தார், கையைத் தேய்த்தார். அசைவில்லை. தலையை ஆட்டிவிட்டு முகத்தைத் துணியால் மூடினார். உடனே அறிவிப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி முன்னால் வந்து, நிகழ்ச்சி முடிந்தது, இரவு வணக்கம் என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு பீபீசியின் டெலிபோன் ஓயவில்லை. நேரம் ஓடிவிட்டதால் முடிவைக் காட்ட முடியவில்லை என்று விளக்கம் வந்தது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. மேடையில் விநாடி கணக்குப் பார்க்கிற மனிதனுக்கு டீவி மணிக்கூடு பார்க்கத் தெரியாதா? லண்டனில் அவர் நடத்த இருந்த காட்சிகளுக்கு டிக்கட் பறந்தது.

பெண்ணை அறுக்கிற வித்தையை மேடைக்குக் கொண்டு வந்தது 1921இல் லண்டனில் செல்பிட் என்பவர். அதை முப்பத்தைந்து வருடம் கழித்து, "ஐயோ" என்று வீட்டுக்கு வீடு அலற வைத்தது சர்க்கார். நேரடி ஒளிபரப்பாக இருந்ததால்தான் அது பலித்தது. கெசட்டில் வந்திருந்தால் எங்கள் ஆட்கள் கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள்.

கம்பளையிலிருந்து ஒரு வாசகி: 'மைண்ட் யுவர் லேங்குவேஜ்' தொடரில் சர்தார்ஜியாக வருபவர் எங்கள் ஊர்க்காரர் என்கிறார்களே?

உங்கள் ஊரேதான், தங்கச்சி! அல்பர்ட் மோசஸ், 1937இல் கம்பளையில் பிறந்தவர். லண்டனுக்குப் போய் நடிகரானார். ஜேம்ஸ் பொண்ட் படங்களிலும் தலை காட்டியிருக்கிறார். 2017இல் காலமானார். 1977இல் தொடங்கிய அந்தத் தொடரில் தலைப்பாகையும் தாடியுமாக ரஞ்சித் சிங் என்று வந்து, எதற்கெடுத்தாலும் "ஆயிரம் மன்னிப்பு" கேட்பாரே, அவர்தான்.

வெளிநாட்டுக்காரர்கள் கூடி இங்கிலீஷ் படிக்கிற ஒரு இரவு வகுப்பு. எங்கள் கடையில் அது ஓடிய ஓட்டத்தில் நாடாவே நரைத்துவிட்டது. எழுத்தெல்லாம் பனிக்குள் தெரிகிற மாதிரி இருக்கும், ஆனாலும் விடமாட்டார்கள். தோட்டத்து ஸ்டாப் வீடுகளில் ஒரு சுற்று, டியூட்டரி மாஸ்டர்மார் ஒரு சுற்று. இங்கிலீஷ் படிக்க உதவும் என்று எங்கள் பக்கத்து வீட்டு அங்கிள் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் படித்தது பிழையான இங்கிலீஷை மட்டும்தான்.

அதே தொடரை இங்கிலாந்தில் பலர் கண்டித்தார்கள். ஒவ்வொரு நாட்டாரையும் ஒரே அச்சில் வார்த்துக் கேலி செய்கிறது என்று. கண்டித்தது நியாயம்தான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு உறைத்தது வேறு. சேலை கட்டிய ஜமீலா வகுப்பில் ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாமல் பின்னல் பின்னிக்கொண்டு இருப்பார். எல்லாரும் சிரிக்கிற அந்த இடத்தில் என் அம்மா மட்டும் சிரிக்க மாட்டார். வங்கியில் பாரம் நிரப்பத் தெரியாமல் கவுண்டருக்கு முன்னால் நின்ற பழக்கம் அம்மாவுக்கு இருந்தது.

வெலிமடையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: இங்கிலீஷ் கொமெடியில் பின்னால் கேட்கிற சிரிப்பு யாருடையது? நிஜமா?

சிலது நிஜம், சிலது டின்னில் அடைத்தது. 1950களில் அமெரிக்க டீவியில் சத்தப் பொறியாளராக இருந்த சார்லி டக்ளஸ் ஒரு பெட்டி செய்தார். டைப்ரைட்டர் மாதிரி விசைகள் வைத்தது. ஒரு விசைக்கு ஆம்பிளைச் சிரிப்பு, ஒன்றுக்குப் பொம்பிளைச் சிரிப்பு, ஒன்றுக்குக் குபீர்ச் சிரிப்பு. எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டும் என்பதற்குக் காலடியில் ஒரு மிதி. பூட்டுப் போட்டுத்தான் வைத்திருப்பார், யாரும் உள்ளே பார்க்க முடியாது. 'மேஷ்' என்று ஒரு தொடர், கொரிய யுத்தகளத்து ஆஸ்பத்திரிக் கதை. அமெரிக்காவில் சிரிப்போடு போனது, ஆனால் ஒப்பரேஷன் நடக்கும் காட்சிகளில் மட்டும் சிரிப்பு வைக்கக் கூடாது என்று தயாரித்தவர்கள் நின்றார்கள். அதையே பீபீசி சிரிப்பை முழுதாக எடுத்துவிட்டுக் காட்டியது.

மிஸ்டர் பீன்? அது 1990 ஜனவரி 1ஆம் திகதி தொடங்கியது. மொத்தமே பதினைந்து பாகம். அதில் முடிவெட்டுகிற பாகம் 1995இல் வீடியோ கெசட்டில் மட்டும் வெளிவந்தது. அதனால் கெசட்காரர்களான எங்களுக்கு அதில் ஒரு தனிப் பெருமை. தமிழ், சிங்களம், இங்கிலீஷ் எதுவும் வேண்டாம், முகம் போதும்.

தோட்டங்களுக்கு டெக்கும் டீவியும் ஜெனரேட்டரும் வாடகைக்குக் கொண்டு போவோம். கோயில் திருவிழா என்றால் விடிய விடிய மூன்று படம். நடுவில் கெசட் மாற்றுகிற நேரத்தில் கூட்டம் கலையாமல் இருக்க ஒரு பீன் துண்டு போடுவேன். ஹப்புத்தளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஒரு பாட்டி, எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் சிரிப்பார். பல்லில்லாத வாயைக் கம்பளியால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. இரண்டாவது தரம் போனபோது கவனித்தேன், கூட்டம் திரையை விட்டுவிட்டுப் பாட்டியைப் பார்த்துக் காத்திருந்தது. டக்ளஸின் பெட்டியில் அந்த விசை இருந்திருக்காது.

ராகலையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை: நாட்டிலேயே உயரமான மலையில் கோபுரம் வைத்தும், அந்தக் காலத்தில் பக்கத்து டிவிஷனில் டீவி தெரியும், எங்களுக்குத் தெரியாது. ஏன்?

ஐயா, கோபுரம் உயரந்தான். ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 அன்று தொடங்கியபோது பீதுருதலாகலையில், 2,524 மீட்டர் உச்சியிலிருந்து அனுப்பினார்கள். ஆனால் டீவி அலை வெளிச்சம் மாதிரி, நேராகத்தான் போகும். நடுவில் ஒரு மலை மடிப்பு வந்தால் அதன் பின்பக்கம் நிழல் விழும். நீங்கள் நிழலில் இருந்திருப்பீர்கள். மூங்கிலில் அன்டனாவைக் கட்டி லயத்துக் கூரைக்கு மேலே இன்னொரு கூரை உயரத்துக்குத் தூக்கியவர்களையும், அதில் அலுமினிய மூடியைத் தொங்கவிட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். கார் பெட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளை டீவிக்கு அவ்வளவு பாடு. வியாபார ரகசியம் ஒன்று சொல்கிறேன்: எந்தத் தோட்டம் நிழலில் இருக்கிறது என்று அப்பாவிடம் ஒரு கொப்பியில் பட்டியலே இருந்தது. வீடியோ வாடகை அங்கேதான் நன்றாக ஓடும்.

ஹட்டனிலிருந்து கிட்டார் வாசிக்கும் ஒரு தம்பி: பழைய ரொக் பாட்டுகளைப் பின்பக்கமாக ஓட்டினால் பேய்க் குரல் கேட்குமாமே அக்கா?

பேயை நான் நேரில் பார்த்திருக்கிறேன், தம்பி. ஐந்து ஸ்குரூ கழற்றினேன், போய்விட்டது.

ஒரு லொறி டிரைவர் அண்ணன் ஒரு நாள் காலையிலேயே வந்து கெசட்டைக் கவுண்டரில் தூக்கிப் போட்டார். "இதை நீயே வச்சுக்க, ராத்திரி பூரா பேய் பேசுது" என்றார். போட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே பயமாகத்தான் இருந்தது. தலையணைக்குள் இருந்து யாரோ தலைகீழாகப் பேசுகிற மாதிரி. அப்பா சிரித்துக்கொண்டே ஸ்குரூ டிரைவரை நீட்டினார். உள்ளே நாடா ஓரிடத்தில் முறுக்கிக்கொண்டு, புறம் திரும்பி ஓடியிருக்கிறது. கெசட்டில் நாடாவின் கீழ்ப் பாதி ஏ பக்கம், மேல் பாதி பீ பக்கம். பீ பக்கம் எதிர்த் திசையில் ஓடும். நாடா புரண்டால் பீ பக்கப் பாட்டு கீழே வந்து, ஏ பக்கத்துத் திசையில் தலைகீழாக ஓடும். பூச்சுப் பக்கம், சத்தத்தை வாசிக்கிற ஹெட்டில் படாமல் முதுகுப் பக்கம் படுவதால் சத்தம் அமுங்கும். அந்த அண்ணனின் பேய், பீ பக்கத்தில் இருந்த டீ. எம். சௌந்தரராஜன்!

முறுக்கை எடுத்து, பென்சிலால் சுற்றிக் கொடுத்தேன். ஆறு முகப் பென்சில் கெசட் பல்லுக்குள் அளவெடுத்த மாதிரி இறங்கும். பெட்டரி மிச்சம் பிடிக்க எல்லாரும் அப்படித்தான் சுற்றுவோம்.

இங்கிலாந்து ரொக் குழுவான பீட்டில்ஸ் இதையே வேண்டுமென்று செய்தார்கள். 1966இல் வந்த ஒரு இசைத்தட்டின் பின்பக்கப் பாட்டில், முடிகிற இடத்தில் குரல் தலைகீழாக வரும். வீட்டுக்குக் கொண்டு போன நாடாவைத் தவறாக மாட்டிவிட்டதால் வந்த யோசனை என்று குழுவின் ஜோன் லெனன் சொன்னார். இல்லை, நான்தான் செய்து காட்டினேன் என்றார் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின். அதே வருடம் இன்னொரு பாட்டுக்கு, வளையமாக ஒட்டிய நாடாத் துண்டுகளைப் பல மெஷின்களில் ஒரே நேரத்தில் ஓட விட்டார்கள். வளையம் தொய்யாமல் இருக்க ஸ்டூடியோ ஆட்கள் ஆளுக்கொரு பென்சிலில் நாடாவை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்களாம். அங்கேயும் பென்சில்தான்! ரொக் இசை கிட்டாரில் மட்டும் பிறந்ததில்லை தம்பி, நாடாவை வெட்டி ஒட்டிய கையிலும் பிறந்தது. மந்திரவாதி மெலியஸ் படச்சுருளில் செய்ததை இவர்கள் சத்தத்தில் செய்தார்கள். வித்தியாசம், இவர்கள் யாரிடமும் இது உண்மை என்று சத்தியம் பண்ணவில்லை.

பாட்டுக்குள் மறைவாகச் செய்தி வைத்தார்கள் என்று 1990இல் ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற ரொக் குழு மீது அமெரிக்காவில் வழக்கே நடந்தது. அதன் பாடகர் தன் பாட்டைத் தலைகீழாக ஓட்டி, "அம்மா, என் கதிரை உடைஞ்சு போச்சு" என்றுகூடக் கேட்கிறது பாருங்கள் என்று கோர்ட்டில் காட்டினார். தீர்ப்பு குழுவுக்குச் சாதகமாகத்தான் வந்தது. காது, தேடுகிறதைக் கேட்டுவிடும்.

பதுளையிலிருந்து ஒரு வாசகர்: நம்முடைய பொப்பிசையும் ரொக்கும் ஒன்றா?

இல்லை. நித்தி கனகரத்தினத்தையும் ஏ. ஈ. மனோகரனையும் கேட்டுவிட்டு அமெரிக்க ரொக் பாடகர் எல்விஸைக் கேளுங்க. கிட்டார் பொது, கால் போடுகிற தாளம் வேறு. நம்முடையதில் பைலா கலந்திருக்கிறது. எங்கள் கடையில் இங்கிலீஷ் ரொக் கெசட் ஒன்று போனால் மனோகரன் பத்துப் போகும். அதற்காக வெட்கப்பட எதுவும் இல்லை.

நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகி: மேஜிக், கொமெடி, ரொக் மூன்றுக்குமாகச் சேர்த்து ஒரே ஒரு பழைய ஒளிப்பதிவைப் பார்க்கச் சொன்னால், எது?

1964 பெப்ரவரி 9, எட் சலிவன் நிகழ்ச்சி. பீட்டில்ஸ் அமெரிக்க டீவியில் நேரடியாகத் தோன்றிய முதல் இரவு. ஏழு கோடியே முப்பது லட்சம் பேர் பார்த்தார்கள் என்பது கணக்கு. எல்லாரும் பீட்டில்ஸ் துண்டை மட்டும் வெட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் முழு மணி நேரத்தையும் பாருங்க. பீட்டில்ஸ் மூன்று பாட்டு முடித்துப் போனதும், அந்த அலறலுக்கு அடுத்ததாக வருவது ஃபிரெட் கப்ஸ் என்ற டச்சு மந்திரவாதி. உலக மேஜிக் போட்டியில் மூன்று தரம் முதல் பரிசு வென்ற ஒரே ஆள். சீட்டு வைத்துக் கொஞ்சம், பிறகு ஒரு உப்புச் சீசா. கைக்குள் கொட்டிய சிட்டிகை உப்பு மறைந்துவிட்டது என்று நினைக்கும்போது, மூடிய கையிலிருந்து உப்பு கொட்டும், கொட்டும், கொட்டிக்கொண்டே இருக்கும். அவரே நிறுத்தத் தெரியாதவர் போல முழிப்பார். அந்த நேரம் பார்த்த கோடிக் கணக்கான பேரில் எத்தனை பேர் அவரைப் பார்த்தார்களோ! மனசெல்லாம் நாலு பையன்கள் மறுபடி எப்போது வருவார்கள் என்பதில்தானே. பிறகு மிட்சி மக்கோல், சார்லி பிரில் என்ற கொமெடி ஜோடி வந்து, சிரிப்பே விழாமல் திண்டாடிப் போனார்கள்.

நான் அந்த உப்பை ஐந்தாறு தரம் பார்த்துவிட்டேன். எப்படி என்று ஓரளவு தெரியும். தெரிந்தும் பார்க்கிறேன். மேஜிக் கெசட்டை இரண்டாம் தரம் எடுத்துப் போனவர்களில் சிலர் மூன்றாம் தரமும் ஏன் எடுத்தார்கள் என்று அப்போதுதான் விளங்கியது.

தலவாக்கலையிலிருந்து ஒருவர்: டீவியில் கொமெடி செய்துகொண்டே இறந்த மந்திரவாதியின் வீடியோ கிடைக்குமா?

டொமி கூப்பரைக் கேட்கிறீர்கள். 1984 ஏப்ரல் 15, லண்டன், நேரடி ஒளிபரப்பு. மேடையில் மாரடைப்பு வந்து திரைச்சீலையில் சரிந்தார். அதுவும் வேடிக்கைதான் என்று சபை சிரித்தது. வேண்டாம் ஐயா, தேட வேண்டாம். தேடுவதென்றால் அவருடைய பழைய நிகழ்ச்சிகளைத் தேடுங்க. சிவப்புத் துருக்கித் தொப்பி வைத்த ஆறடிக்கு மேலான ஆள், வித்தை காட்டுவார், ஒன்றும் சரியாக வராது. தொப்பி வந்த கதையும் நல்ல கதை. பட்டாளக் காலத்தில் கெய்ரோவில் மேடையேறப் போகும்போது தன் தொப்பியைக் காணவில்லை என்று, ஒரு வெயிட்டர் தலையில் இருந்ததை எடுத்து வைத்துக்கொண்டாராம். வித்தை பிழைக்கிற மாதிரி சரியாகச் செய்ய, வித்தை செய்கிறதை விடக் கூடப் பழக்கம் வேண்டும்.

கினிகத்தேனையிலிருந்து ஒரு வாசகர்: பீபீசி தன்னுடைய பழைய கொமெடிகளைத் தானே அழித்தது என்று படித்தேன். இப்படியும் முட்டாள்கள் உண்டா?

உண்டு. ஒருத்தி இந்தப் பதிலை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

முதலில் பீபீசி. அப்போதைய நாடா இரண்டு அங்குல அகலம், விலையும் பெரிது, அழித்து மறுபடி பாவிக்கலாம். நடிகர் சங்க ஒப்பந்தப்படி இத்தனை தரத்துக்கு மேல் மறு ஒளிபரப்பும் செய்ய முடியாது. வீட்டில் வீடியோ என்ற ஒன்று வரும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் அழித்தார்கள். பீட்டர் குக், டட்லி மூர் என்ற கொமெடி ஜோடி, நாங்கள் காசு தருகிறோம், எங்கள் நாடாவை அழிக்காதீங்க என்று கேட்டும் அழித்தார்கள். 'டாட்ஸ் ஆர்மி' தொடரில் 1969ஆம் வருடத்துப் பாகங்கள் மூன்று இன்றைக்கும் இல்லை.

இனி நான். 1992இல் எங்கள் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு ஊர் ஊராகப் போகும் ஒரு மந்திரவாதி வந்தார். கல்யாண வீடு எடுக்கிற கெமராக்காரர் தோளில் தூக்கிய பெரிய கெமராவோடு அங்கே இருந்தார், அப்பாவுக்காக முழுதும் எடுத்துக் கொடுத்தார். மந்திரவாதி அப்பாவை மேடைக்குக் கூப்பிட்டு, அவர் வாயிலிருந்து கலர் ரிபனாக இழுத்தார். மஞ்சள், சிவப்பு, பச்சை என்று முடியாமல் வந்துகொண்டே இருந்தது. "கடையில உள்ள நாடா பூராவும் இவர் வயித்துக்குள்ளதான் இருக்கு" என்றார். அப்பா பேச முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

கெசட்டின் முதுகில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. அப்பா உடைத்துத்தான் வைத்திருந்தார். மூன்று வருடம் கழித்து ஒரு இரவு, டீவியில் ஒரு கொமெடி, கையில் வெற்றுக் கெசட் இல்லை. லேபல் உரிந்த ஒன்று கிடந்தது. உடைந்த இடத்தில் செலோடேப்பை ஒட்டினேன். கடைக்காரி இல்லையா, வித்தை தெரியும். ரெக்கோர்ட் பட்டனை அழுத்தினேன்.

அந்தக் கொமெடி என்ன என்றுகூட இன்று ஞாபகமில்லை. அது முடிந்ததும் திரை ஒரு தரம் உருளும், பனி பொழியும், பிறகு திருவிழாவின் கடைசி இரண்டு நிமிடம் வரும். பெண்கள் பாயைச் சுருட்டுகிறார்கள், பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள். ஓரத்தில் அப்பா குனிந்து, முழங்கைக்கும் பெருவிரலுக்கும் நடுவில் வயரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். முதுகு மட்டும். 2002இல் போய்விட்டார். அசைகிற படமாக எங்களிடம் இருப்பது அந்த முதுகுதான். பீபீசியைத் திட்டுவதை மற்றவர்களிடம் விட்டுவிடுகிறேன்.

லிந்துலையிலிருந்து ஒரு வாசகி: அம்மா அப்பா கல்யாண வீடியோவில் வெள்ளையாகப் பூசணம் பிடித்திருக்கிறது. ஒரு தரம் போட்டுப் பார்க்கலாமா?

போடாதீங்க! தயவு செய்து போடாதீங்க. டெக்குக்குள் ஹெட் உருளை ஒரு செக்கனுக்கு இருபத்தைந்து தரம் சுற்றும். பூசணம் அதில் ஏறினால் நாடா கீறும், அடுத்துப் போடுகிற கெசட்டுக்கும் ஒட்டும். நம்முடைய மழைக்கும் மூட்டத்துக்கும் இது வராமல் இருந்தால்தான் அதிசயம். வெயிலில் காய வைக்கவும் வேண்டாம், தகரக் கூரைக்கு அடியில் நாடா நெளிந்துவிடும். அடுப்புக்கு மேலே பரணில் வைத்தால் ஈரம் ஏறாது என்று சிலர் வைப்பார்கள். ஈரம் ஏறாது, புகை ஏறும். கெசட்டைத் தனியாக ஒரு பையில் போட்டு, சப்பாத்துப் பெட்டிக்குள் வருமே, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், அதில் நாலைந்தைக் கூடப் போட்டு மூடி வையுங்க. பூசணம் காய்ந்து பொடியான பிறகு, இதே வேலையாக இருக்கும் ஒருவரிடம் கொடுத்துத் துடைத்துக் கணினிக்கு மாற்றச் சொல்லுங்க. திறக்கும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்க. நல்ல கெசட்டுகளை முழுதாகச் சுற்றி, புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்க, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம்.

பண்டாரவளையிலிருந்து, உங்கள் பழைய வாடிக்கையாளர்: கடையில் இருந்த டெக் ஏதும் விற்பனைக்கு உண்டா?

இல்லை அண்ணே. கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. பெல்ட் இரண்டு தரம் மாற்றியாகிவிட்டது. விற்கவும் மாட்டேன், வாடகைக்கும் இல்லை. பூசணம் இல்லாத கெசட்டாக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வாங்க, சாயத் தேத்தண்ணி ஊற்றித் தருகிறேன், உட்கார்ந்து பார்க்கலாம். ரிவைண்ட் பண்ணிக் கொண்டு வாங்க. பண்ணாவிட்டால் அப்பா காலத்து அபராதம் இரண்டு ரூபாய்.